பழைய மடிக்கணினிக்கு மாற்று வன்தட்டு: ஒரு தேர்வின் முழுப் பதிவு

பின்னணி

2009இல் வாங்கப்பட்ட ஒரு மடிக்கணினியின் வன்தட்டு பழுதடையத் தொடங்கியது முதல், அதற்கு மாற்று பொருத்தப்பட்டுச் சில மாதங்கள் கழித்து மறுபரிசோதனை செய்யப்பட்டது வரை நடந்தவற்றை இந்தப் பதிவு காலவரிசையில் தருகிறது. உரிமையாளர் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர். வன்பொருள் வேலையில் பழக்கமுள்ள அவருடைய உறவினர் ஒருவர் கருவியைப் பிரித்துப் பொருத்தும் பொறுப்பை ஏற்றார். எதை வாங்குவது, எந்த வரிசையில் செய்வது என்பதில் ஆலோசனை கூறுவதும், ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்த அளவீடுகளைக் குறித்து வைப்பதும் என் பங்கு.

புதிய மடிக்கணினி வாங்குவதே எளிது என்ற எண்ணம் முதலில் எழுந்தது. ஆனால் உரிமையாளர் பல ஆண்டுகளாகத் தொகுத்த கலைச்சொல் தரவுத்தளம் ஒரு பழைய மென்பொருளில் இருக்கிறது. அந்த மென்பொருள் விண்டோஸ் 7க்குப் பிந்தைய பதிப்புகளில் இயங்க மறுக்கிறது. அதை உருவாக்கியவர்கள் அதைக் கைவிட்டுவிட்டதால், மீண்டும் நிறுவினால் உரிமத்தைச் செயல்படுத்தும் வழியும் இல்லை. விண்டோஸ் 7க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. அதற்குப் பின் இந்தக் கணினியை அவர் இணையத்துடன் இணைப்பதில்லை. ஆகவே, தேவைப்பட்டது புதுக் கணினி அன்று. இருக்கிற நிறுவலை அப்படியே தாங்கிச் செல்லும் ஒரு புதிய சேமிப்பகம்.

இத்தகைய தேர்வில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தையும் கொள்ளளவையும்தான். இந்த நிகழ்வில் அவ்விரண்டும் கடைசியில் வந்தன. கருவி எதை உடல்ரீதியாகவும் மின்னணு ரீதியாகவும் ஏற்கும், அதில் எந்த வேலை நடக்கிறது, பழைய தட்டில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தபோது, தேர்வு ஏறக்குறையத் தானாகவே முடிந்திருந்தது.

முதலில் காணப்பட்டவை

கணினி இயங்கத் தொடங்கப் பல நிமிடங்கள் ஆயின. கோப்புறைகளைத் திறக்கும்போது திரை அவ்வப்போது உறைந்து நின்று, அரை நிமிடம் கழித்து மீண்டது. உறைந்திருந்த நேரத்தில் தட்டிலிருந்து ஒரே சீரான கிளிக் ஒலி கேட்டது. வயதான கணினி மெதுவாகத்தான் இருக்கும் என்று உரிமையாளர் அதைச் சில வாரங்கள் பொறுத்துக்கொண்டார். ஒரு நேர்காணல் ஒலிப்பதிவு நடுவில் நின்று திறக்க மறுத்த பிறகே உதவி கேட்டார்.

தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் படித்தபோது நிலைமை தெளிவாயிற்று. இதற்குப் பயன்பட்டது கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி. பழுதான செக்டர்களுக்கு, அதாவது தட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளுக்கு, பதிலாக மாற்றிடம் ஒதுக்கப்பட்டதைக் காட்டும் 5ஆம் பண்பு பூஜ்யத்தை விட்டு விலகியிருந்தது. படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்களைக் காட்டும் 197ஆம் பண்பு நூற்றுக்கும் மேல் இருந்தது. கணினியை மறுமுறை இயக்கிப் பார்த்தபோது அது இன்னும் கூடியிருந்தது. தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலான போக்குவரத்தில் நேரும் பிழைகளை எண்ணும் 199ஆம் பண்போ பூஜ்யத்திலேயே நின்றது. இந்தக் கடைசி எண் முக்கியமானது. இணைப்பி தளர்ந்திருந்தால் 199 ஏறும்; 197 இவ்வாறு ஏறாது. இங்கே 197 மட்டும் ஏறியதால், பழுது இணைப்பியில் இல்லை, தட்டின் பரப்பிலோ படிக்கும் முனையிலோதான் இருக்கிறது என்ற முடிவுக்கு வர முடிந்தது.

அதே கருவியில் தெரிந்த அடிப்படை விவரங்கள் இவை: 2.5 அங்குல வன்தட்டு, கொள்ளளவு 320 ஜிபி, நிமிடத்துக்கு 5400 சுழற்சி, சாட்டா இணைப்பு, வேகம் விநாடிக்கு 3 ஜிகாபிட். விண்டோஸ் அதை 298 ஜிபி என்று காட்டியது. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகவும், விண்டோஸ் 1024இன் அடுக்குகளாகவும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது, இழப்பு அன்று.

முதல் முடிவு: வாங்கும் முன் மீட்பது

தட்டைத் தேர்ந்தெடுக்கும் பேச்சை இந்தக் கட்டத்தில் முழுவதுமாக நிறுத்தி வைத்தோம். காத்திருக்கும் செக்டர்கள் ஏறிக்கொண்டிருக்கும் தட்டு எத்தனை நாள் தாங்கும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. இயக்கப்படும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் ஆயுளிலிருந்தே கழிகிறது. விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை முழுப் பரப்புச் சோதனையுடன் ஓட்டலாம் என்று உறவினர் முன்மொழிந்தார். நலிந்த தட்டில் அது இரு வகையில் கேடு: பரப்பு முழுவதையும் படிக்கவைத்து முனைகளை வருத்துகிறது, கோப்பமைப்பைச் சரிசெய்வதாக எண்ணித் தட்டிலேயே எழுதுகிறது. மீட்க வேண்டிய ஒன்றின் மேல் எழுதுவதை எந்நிலையிலும் தவிர்க்க வேண்டும். சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக் வேலையும் அதே காரணத்தால் விலக்கப்பட்டது.

அடுத்து, முழுத் தட்டையும் பிம்பமாக (செக்டருக்குச் செக்டர் அப்படியே நகலாக) எடுப்பதா, முக்கியமான கோப்புகளை முதலில் நகலெடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. பிம்பம் எடுப்பதே முறையான வழி என்பது பரவலான அறிவுரை, அது சரியும்கூட. ஆனால் இங்கே ஈடு செய்யவே முடியாத பொருள் என்று உரிமையாளர் சுட்டியது கலைச்சொல் தரவுத்தளத்தையும் நடப்பு மொழிபெயர்ப்புகளையும் மட்டுமே. “வேகம் எனக்கு வேண்டாம், எழுதியது போய்விடக் கூடாது” என்று அவர் சொன்னார். அவை அளவில் மிகச் சிறியவை. சில ஜிபி மட்டுமே உள்ள அந்தக் கோப்புறைகளை, தட்டிலுள்ள விண்டோஸைத் தொடாமல் கணினியை லினக்ஸ் நேரடி யுஎஸ்பியிலிருந்து இயக்கி, பழைய தட்டைப் படிக்க மட்டுமே அனுமதித்து முதலில் வெளியே எடுத்தோம். பிம்பம் எடுக்கும் நீண்ட வேலையின் நடுவே தட்டு நின்றுவிட்டாலும் உயிர்நாடியான பகுதி பிழைத்திருக்கும் என்பதே இதற்கான காரணம்.

அதன் பிறகு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கருவியால் முழுத் தட்டும் வெளிப்புறச் சேமிப்பகம் ஒன்றில் பிம்பமாக எடுக்கப்பட்டது. சாதாரண நகல் கருவி ஒரு கெட்ட செக்டரில் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். இந்தக் கருவியோ நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வேகமாகச் சேர்த்துக்கொண்டு, கடினமான இடங்களைப் பின்னுக்குத் தள்ளி, எது படிக்கப்பட்டது எது படிக்கப்படவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே செல்கிறது. அந்தக் கோப்பு இருப்பதால் வேலையை நடுவில் நிறுத்தி, தட்டைக் குளிரவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. முதற்சுற்றிலேயே பெரும்பகுதி வந்துவிட்டது. மறுமுயற்சிச் சுற்றுகளில் இன்னும் சிறிது வந்தது. சில சிறு இடைவெளிகள் கடைசிவரை வரவில்லை.

அந்த இடைவெளிகள் எந்தக் கோப்புகளைத் தொட்டன என்று கண்டறிய, பிம்பத்தின் இன்னொரு நகலை எடுத்து, படிக்கப்படாத இடங்களை மட்டும் ஒரு தனித்துவமான சொற்றொடரால் நிரப்பச் செய்து, பின்னர் எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொற்றொடரைத் தேடினோம். நிரப்பும் வசதி டிடிரெஸ்க்யூவிலேயே இருக்கிறது. மீட்பு முடிந்துவிட்டது என்று நம்பி நிம்மதியடைவதற்கும், எது மீளவில்லை என்று பெயர் சொல்லித் தெரிந்துகொள்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இந்தச் சிறு வேலையை எவரும் தவிர்க்கக் கூடாது என்று கருதுகிறேன். பாதிக்கப்பட்டவை இரண்டு ஒலிப்பதிவுகளும் சில கணினிக் கோப்புகளும் மட்டுமே என்று அப்போது தெரிந்தது.

இந்தக் கருவி எதை ஏற்கும்

தரவு வெளியே வந்துவிட்ட பிறகுதான் கருவியின் அடித்தட்டு மூடி திறக்கப்பட்டது. மின்கலத்தைக் கழற்றி, மின்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னேற்றத்தைப் போக்கிய பிறகே உறவினர் உள்ளே கைவைத்தார்.

தட்டின் தடிமன் 9.5 மிமீ. இன்று விற்பனையாகும் 2.5 அங்குல வன்தட்டுகளில் பெரும்பாலானவையும் சாட்டா எஸ்எஸ்டிகளும் (சுழலும் தட்டின்றி மின்னணுச் சில்லுகளில் சேமிப்பவை) 7 மிமீ தடிமனில் வருகின்றன. அகலமும் இணைப்பியும் ஒன்றாகவே இருப்பதால் மெல்லியது தடித்ததின் இடத்தில் புகுந்துவிடும், ஆனால் 2.5 மிமீ இடைவெளி எஞ்சும். சில மடிக்கணினிகளில் தட்டு பக்கவாட்டில் திருகுகளால் ஓர் உலோகச் சட்டத்தில் இறுக்கப்படுகிறது. இந்தக் கணினியில் திருகுகள் இல்லை: இருபுறமும் ரப்பர் தண்டவாளங்கள், மேலே மூடியின் அழுத்தம், அவ்வளவுதான். இங்கே தடிமன் குறைந்தால் தட்டைப் பிடித்து நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. எதிர்த்திசையில் பார்த்தால், 12.5 மிமீ அல்லது 15 மிமீ தடிமனுள்ள பெருங்கொள்ளளவுத் தட்டுகள் இந்த இடத்தில் நுழையவே நுழையா.

இணைப்பு சாட்டா என்பது நற்பேறு. சில ஆண்டுகள் முந்தைய கணினியாக இருந்திருந்தால் 44 ஊசி கொண்ட ஐடிஇ இணைப்பாக இருந்து, தேர்வு பெரிதும் சுருங்கியிருக்கும். சாட்டாவின் மூன்று தலைமுறைகளும் விநாடிக்கு முறையே 1.5, 3, 6 ஜிகாபிட் வேகத்தில் இயங்குபவை. புதிய தட்டு பழைய கட்டுப்படுத்தியிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசும். 8 பிட் தரவை அனுப்ப 10 பிட் செலவாவதால், 3 ஜிகாபிட் இணைப்பின் உச்சம் விநாடிக்கு 300 எம்பி.

வெளிப்புற யுஎஸ்பி வன்தட்டு ஒன்றைப் பிரித்து உள்ளே உள்ளதை எடுத்துப் பொருத்தலாமே என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அத்தகைய சிறு வன்தட்டுகள் பலவற்றில் யுஎஸ்பி இணைப்பி மின்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சாட்டா இணைப்பியே இருக்காது. பிரித்துப் பார்க்காமல் அதை அறிய முடியாது. அந்த வழி கைவிடப்பட்டது.

மேல் எல்லை ஒன்றும் இருந்தது. பழைய பயாஸும் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) எம்பிஆர் வகைப் பகிர்வு அட்டவணையும் (தட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்துள்ளது என்ற பட்டியல்) கொண்ட கணினியில் 512 பைட் செக்டர்களைக் கொண்டு 2 டெராபைட்டுக்கு (டிபி) மேல் முகவரியிட இயலாது. எனவே அதற்கு மேற்பட்ட எதையும் பரிசீலிக்கவில்லை.

எந்த வகை

பரிசீலனைக்கு வந்தவை நான்கு: அதே மாதிரிப் பழைய வன்தட்டு, 7200 சுழற்சி வன்தட்டு, 1 டிபி புதிய வன்தட்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி.

அதே மாதிரித் தட்டு என்பது நடைமுறையில் பயன்படுத்தப்பட்டதாகவோ நெடுநாள் இருப்பில் கிடந்ததாகவோதான் கிடைக்கும். பொருத்துவதற்கு எந்தச் சிக்கலும் இல்லாதது அதுதான். ஆனால் வேறொருவர் கையில் பல ஆயிரம் மணி நேரம் சுழன்ற தட்டை நம்பி, இவ்வளவு பாடுபட்டு மீட்ட தரவை ஒப்படைப்பது பொருத்தமில்லை என்று உடனே ஒதுக்கினோம்.

7200 சுழற்சியின் பயனைக் கணக்கிட்டுப் பார்த்தோம். 5400 சுழற்சி என்றால் விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவிநாடி; தேவையான செக்டர் முனையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். 7200 சுழற்சியில் அது 4.2 மில்லிவிநாடி. முனை தடம் விட்டுத் தடம் நகர எடுக்கும் நேரமோ மடிக்கணினித் தட்டுகளில் சராசரியாகச் சுமார் 12 மில்லிவிநாடி. ஆக, ஒரு சிதறிய கோப்புத் துண்டை எட்டுவதற்கு ஒன்றில் ஏறக்குறைய 17.6, மற்றதில் 16.2 மில்லிவிநாடி. சுழற்சி மூன்றில் ஒரு பங்கு கூடியும், காத்திருப்பு எட்டு விழுக்காடே குறைகிறது. அதிக வெப்பத்துக்கும் அதிர்வுக்கும் ஈடாக இது போதவில்லை.

இதே கணக்கு இன்னொரு உண்மையையும் காட்டியது. ஒரு துண்டுக்கு 17.6 மில்லிவிநாடி என்றால் விநாடிக்கு ஐம்பத்தாறு ஐம்பத்தேழு துண்டுகள். ஒவ்வொன்றும் 4 கேபி எனக் கொண்டால் விநாடிக்குக் கால் எம்பிக்கும் குறைவு. இணைப்பு தரக்கூடியது 300 எம்பி. தரவுத்தள மென்பொருள் செய்வதெல்லாம் இத்தகைய சிறு, சிதறிய படிப்புகளே. “பழைய கணினியில் எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது, ஆகவே வீண்” என்று உறவினர் தயங்கியதற்கு இந்த எண்களே விடையாக அமைந்தன. 500 எம்பி வேகம் என்று பெட்டியில் போட்டிருக்கும் எஸ்எஸ்டி இங்கே 250 முதல் 280 எம்பி வரைதான் தரும் என்பது உண்மை. ஆனால் நகரும் முனை இல்லாததால் சிதறிய படிப்புகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் நடக்கும். உரிமையாளர் உணரப்போவது இரண்டாவதைத்தான்.

1 டிபி வன்தட்டைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம், ஏனெனில் கொள்ளளவுக்கு அதுவே மலிவு. 7 மிமீ தடிமனில் இவ்வளவு இடம் தரும் தட்டுகள் பல எஸ்எம்ஆர் முறையில் எழுதுகின்றன. ஓடு வேய்ந்த கூரையில் ஒரு வரிசையின் விளிம்பு அடுத்த வரிசையின் கீழ் மறைவதுபோல, இதில் ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் எழுதப்படுகிறது. படிக்கும் முனை எழுதும் முனையைவிடக் குறுகியது என்பதால் படிப்பதில் சிக்கல் இல்லை. நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால், அதைத் தொடர்ந்து அந்தத் தொகுதியில் உள்ள தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். தட்டு இதைத் தற்காலிக இடத்தில் சேர்த்து வைத்து ஓய்வில் செய்துகொள்ளும். ஓய்வு கிடைக்காதபோது எழுதும் வேகம் சரிந்துவிடும். இயங்குதளமும் தரவுத்தளமும் இடைவிடாமல் சிறு சிறு மாற்றங்களை எழுதும் இடத்துக்கு இது ஏற்றதன்று. எஸ்எம்ஆரா அல்லவா என்பதைப் பெட்டியில் தேடிப் பயனில்லை. தயாரிப்பாளரின் விவரத்தாளில் மாதிரி எண்ணைக் கொண்டு பார்க்க வேண்டும். உள்ளே வைக்க இந்தத் தட்டை மறுத்தோம். ஆனால் ஒருமுறை தொடர்ச்சியாக எழுதி, எடுத்து வைத்துவிடும் காப்புப் பிரதிக்கு இதில் எந்தக் குறையும் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டோம்.

எஸ்எஸ்டிக்கு எதிரான வாதங்களும் முழுமையாக எடைபோடப்பட்டன. எழுத எழுதத் தேயும் என்பது முதலாவது. இந்த உரிமையாளர் நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதுவதாக மிகையாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 7.3 டிபிதான், 500 ஜிபி டிஎல்சி (ஒரு கலத்தில் மூன்று பிட் சேமிக்கும்) வகைக்கு உறுதியளிக்கப்படும் எழுதும் அளவு 150 டிபிக்கும் மேல் இருப்பது வழக்கம். கணினியின் மற்ற பாகங்கள் அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். இரண்டாவது வாதம் கனமானது: வன்தட்டு கிளிக் ஒலியும் ஏறும் எண்களுமாக எச்சரித்துவிட்டுச் சாவது உண்டு, எஸ்எஸ்டியின் கட்டுப்படுத்தி பழுதானால் எச்சரிக்கையே இல்லாமல் ஒரு காலையில் கணினிக்குத் தெரியாமல் போய்விடலாம். தேய்ந்த எஸ்எஸ்டி மின்சாரமின்றிக் கிடந்தால் தரவும் காலப்போக்கில் மங்கும். நுகர்வோர் வகைக்குத் தரநிலை அமைப்பான ஜெடெக் வகுத்த அளவுகோல், எழுதும் உறுதி முழுதும் தீர்ந்த நிலையில் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு. எனவே அலமாரியில் வைக்கும் பிரதிக்கு எஸ்எஸ்டி உகந்ததன்று. முடிவு இவ்வாறு அமைந்தது: உள்ளே 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, வெளியே காப்புக்கு 1 டிபி வன்தட்டு. இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கும் யோசனையை நான் வலுவாக எதிர்த்தேன்.

500 ஏன், 250 போதாதா? பயன்பாட்டில் இருந்தது சுமார் 180 ஜிபி. 250 ஜிபியிலும் அடங்கும். ஆனால் பழையதைவிடச் சிறிய தட்டுக்கு மாற்ற வேண்டுமானால் பகிர்வைச் சுருக்க வேண்டும். இடைவெளிகள் உள்ள பிம்பத்தில் கோப்புகளை இடம்பெயர்க்கும் வேலையைத் தேவையின்றி ஏற்க விரும்பவில்லை. கலங்களின் தேய்மானத்தைப் பரப்பிக்கொள்ள எஸ்எஸ்டிக்குக் காலியிடம் இருப்பதும் நல்லது.

மாற்றிய விதம்

மென்பொருள் உரிமத்தின் காரணமாக விண்டோஸைப் புதிதாக நிறுவ இயலாது. பிம்பத்தையே எஸ்எஸ்டியில் எழுத வேண்டும். அங்கே ஒரு பழைய சிக்கல் காத்திருந்தது. இந்தக் கணினி முதலில் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்தது. விண்டோஸ் 7 பின்னர் அதே பகிர்வில் நிறுவப்பட்டது. எக்ஸ்பி உருவாக்கிய பகிர்வு 63ஆம் செக்டரில் தொடங்கும், அதாவது 32,256ஆம் பைட்டில். இந்த எண் 4096ஆல் மீதியின்றி வகுபடாது. இன்றைய சேமிப்பகங்கள் உள்ளே 4096 பைட் அலகுகளிலோ அதன் மடங்குகளிலோ இயங்குவதால், ஒவ்வொரு 4 கேபி எழுத்தும் இரண்டு அலகுகளைத் தொடும். வேகமும் ஆயுளும் வீணாகும். விண்டோஸ் 7 தானே பகிர்வை உருவாக்கியிருந்தால் 2048ஆம் செக்டரில் சரியாகத் தொடங்கியிருக்கும்.

ஆகவே எஸ்எஸ்டியில் எழுதிய பின், ஜிபார்ட்டெட் கருவியால் பகிர்வின் தொடக்கம் 1 எம்பி எல்லைக்கு நகர்த்தப்பட்டது. தொடக்கம் நகர்ந்தால் விண்டோஸின் துவக்கப் பதிவு பகிர்வைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கும் என்பது எதிர்பார்த்ததே, அப்படியே நின்றது. விண்டோஸ் 7 நிறுவல் வட்டிலிருந்த துவக்கப் பழுதுநீக்கம் அதைச் சரிசெய்தது. படிக்க முடியாமல் போன கணினிக் கோப்புகளும் அதே வட்டின் துணையுடன் மீளமைக்கப்பட்டன. பிம்பம் தனியே பத்திரமாக இருந்ததால் இந்தச் சோதனைகளைப் பதற்றமின்றிச் செய்ய முடிந்தது.

பயாஸில் சாட்டா இன்னும் எக்ஸ்பி காலத்து ஐடிஇ முறையில் இருந்தது. அதை ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினால் கோரிக்கைகளைத் தட்டே வரிசைப்படுத்திக்கொள்ளும் வசதி கிடைக்கும். ஆனால் விண்டோஸுக்கு முன்னறிவிப்பின்றி மாற்றினால் 0x0000007B என்ற நீலத்திரைப் பிழையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் அதற்கான இயக்கியைத் துவக்கத்திலேயே ஏற்றும்படி மாற்றிவிட்டு, பிறகு பயாஸைத் தொட வேண்டும். பகிர்வு நகர்த்தலும் இதுவும் ஒரே நேரத்தில் நடந்தால் எது எதனால் கெட்டது என்று அறிய இயலாது என்பதால், கணினி பல முறை ஒழுங்காகத் துவங்குவதைக் கண்ட பிறகே இது செய்யப்பட்டது. நீக்கிய கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளை இயங்குவதை உறுதிசெய்து, நகலெடுத்த விண்டோஸில் தங்கிவிட்ட வாராந்தர டீஃபிராக் அட்டவணையும் நிறுத்தப்பட்டது.

தொடர்ந்து நடந்தவை

துவக்க நேரம் பல நிமிடங்களிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் வந்தது. தரவுத்தளத்தில் ஒரு சொல்லைத் தேடி விடை வருவதற்குள் எழுந்து செல்லும் பழக்கம் உரிமையாளருக்கு இருந்தது, அது நின்றது. செயலியும் 4 ஜிபி நினைவகமும் பழையவையே என்பதால், ஒலிப்பதிவுகளை வடிவம் மாற்றும் வேலை முன்பு எடுத்த நேரத்தையே எடுக்கிறது. சேமிப்பகம் மாற்றினால் கணினி முழுதும் புதிதாகிவிடும் என்று அவரிடம் சொல்லாமல் இருந்தது நல்லதாயிற்று.

இரண்டாவது வாரத்தில், மேசையிலிருந்து கணினியைத் தூக்கும்போது திரை சில விநாடிகள் உறைவதாக அவர் தெரிவித்தார். எஸ்எஸ்டியே பழுதோ என்ற ஐயம் எழுந்தது. ஸ்மார்ட் பதிவில் 199ஆம் பண்பு பூஜ்யத்தில் இல்லை. கணினியை மெல்ல அசைத்துப் பயன்படுத்தியபோது அது மேலும் ஏறியது. மாற்றிடம் ஒதுக்கிய எண்ணிக்கை பூஜ்யமே. பழைய தட்டில் கண்டதற்கு நேர் எதிரான இந்த அமைப்பு, பழுது உள்ளே இல்லை, இணைப்பியில் என்று சொன்னது. மூடியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது: எஸ்எஸ்டியுடன் வந்த 2.5 மிமீ இடைச்சட்டம் பெட்டியிலேயே இருந்துவிட்டது. எஸ்எஸ்டி வன்தட்டில் பாதி எடைகூட இல்லாததால் ரப்பர் தண்டவாளங்களுக்கு இடையே ஆடி, இணைப்பியைத் தளர்த்தியிருந்தது. சட்டத்தை ஒட்டி மீண்டும் பொருத்திய பின் 199 அதே எண்ணில் நின்றுவிட்டது. அந்த எண் திரும்பக் குறையாது; ஏறாமல் இருப்பதே நலம் என்பதன் அடையாளம்.

பாதிக்கப்பட்ட இரண்டு ஒலிப்பதிவுகளில் ஒன்று, நேர்காணலில் உடனிருந்தவரிடம் முழுமையாகக் கிடைத்தது. மற்றொன்றில் சில நிமிடங்கள் இழப்பே. அதில் பேசியவர் இப்போது இல்லை. இந்தப் பணி முழுவதிலும் ஈடு செய்ய முடியாமல் போனது அது ஒன்றுதான். உரிமையாளரின் வருத்தம் நியாயமானது. முதல் உறைதல் தோன்றிய வாரத்திலேயே பிம்பம் எடுத்திருந்தால் அந்தப் பகுதி பிழைத்திருக்க வாய்ப்புண்டு. காத்திருந்த வாரங்களில் 197 எவ்வளவு ஏறியது என்பதற்குப் பதிவு இல்லாததால் உறுதியாகச் சொல்ல இயலாது.

சில மாதங்கள் கழித்து நடந்த மறுபரிசோதனையில் எஸ்எஸ்டியின் எண்கள் அசையாமல் இருந்தன. காப்பு வன்தட்டிலிருந்து ஒரு கோப்புறையை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்தோம், எல்லாம் திறந்தன.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

உறைதலோ கிளிக் ஒலியோ தெரிந்த அன்றே ஸ்மார்ட் எண்களை எழுதி வைப்பது முதல் வேலையாக வேண்டும். 5, 197, 199 ஆகிய மூன்று எண்களும் தேதியும் போதும். இந்த நிகழ்வில் தவறிய எல்லா ஊகங்களும் முந்தைய எண் தெரியாததால் வந்தவை.

பழைய தட்டை வெளியே எடுக்கும் முன் அது இருக்கும் நிலையைப் படம் எடுத்து, தடிமனை அளந்து, புதியதன் தடிமனோடு ஒப்பிட்ட பின்னரே மூடியைப் பொருத்த வேண்டும். பொருத்திய அன்றும், ஒரு வாரம் கழித்தும் 199ஐப் பார்த்திருந்தால் இணைப்பித் தளர்வு உரிமையாளரின் வேலைக்கு நடுவில் வெளிப்பட்டிருக்காது.

பகிர்வின் தொடக்கச் செக்டரைப் பிம்பம் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியில் எழுதிய பிறகு நகர்த்தியதால், 298 ஜிபி பகிர்வு முழுதும் தேவையின்றி இரண்டாம் முறை எழுதப்பட்டது. சரியான எல்லையில் பகிர்வை முதலில் உருவாக்கி, அதற்குள் பகிர்வின் பிம்பத்தை மட்டும் எழுதியிருந்தால் ஒருமுறையோடு முடிந்திருக்கும்; துவக்கப் பழுதுநீக்கம் எப்படியும் தேவைப்பட்டிருக்கும்.

வகைத் தேர்வில் மாற்றமில்லை. இதே கணினிக்கு இன்று மீண்டும் தேர்வு செய்தாலும் உள்ளே எஸ்எஸ்டியும் வெளியே வன்தட்டும் என்றே கூறுவேன். காப்புப் பிரதி ஒன்றே இருப்பது மட்டும் இன்னும் குறையாக நிற்கிறது. கலைச்சொல் தரவுத்தளத்தை மென்பொருளைச் சாராத எளிய உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு வீட்டில் வைக்கும் இரண்டாம் பிரதியில் சேர்ப்பதற்கு உரிமையாளர் இசைந்திருக்கிறார். அந்த வேலை தொடங்கிவிட்டது.